புவேப்லா சென்ட்ரோல ரூம் போட்டு நடந்தே ஊர் பாக்கறது எப்படி

மெக்ஸிகோ சிட்டிக்கு வர்றவங்க முக்கால்வாசி பேர் ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கற புவேப்லான்ற பழைய ஊர ஒரே நாள்ல முடிச்சிடுறாங்க, காலைல பஸ் ஏறி பத்தரை மணிக்கு எறங்கி, கதீட்ரல் முன்னாடி நாலு போட்டோ, ஒரு ப்ளேட் மோலேன்ற மிளகாய்க் குழம்பு, வெயில்ல கொஞ்சம் சுத்தல், சாயங்காலம் திரும்ப பஸ். மொத தடவ நானும் அப்படித்தான் போனேன். அடுத்த தடவ சென்ட்ரோல, அதாவது பழைய ஊரோட நடு மையத்துல, மூணு ராத்திரி தங்குனேன். அப்போதான் புரிஞ்சுது, இந்த ஊர் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி காலைலயும், டூர் பஸ் எல்லாம் போனதுக்கு அப்புறம் ராத்திரியும்தான் முழுசா கண்ணுக்குத் தெரியுது, அதுக்கு ரூம் நடந்து போற தூரத்துல இருக்கணும். அதனால நான் சொல்றது ஒண்ணுதான், குறைஞ்சது ரெண்டு ராத்திரி தங்குங்க, ரூம சோகலோவ சுத்தி நாலஞ்சு பிளாக்குக்குள்ள போடுங்க, சோகலோன்னா ஊர் நடுவுல இருக்கற பெரிய சதுக்கம்.

மெக்ஸிகோ சிட்டில டாபோன்னு ஒரு பஸ் ஸ்டாண்ட் இருக்கு, அங்கேருந்து ADOன்ற கம்பெனி பஸ் அடிக்கடி கெளம்பும், ட்ராஃபிக் இல்லன்னா ரெண்டு மணி நேரம். ஏர்போர்ட்ல எறங்கி நேரா வர்றவங்களுக்கு எஸ்ட்ரெயா ரோஹான்ற கம்பெனி பஸ் ஏர்போர்ட்ல இருந்தே இருக்கு, மெக்ஸிகோ சிட்டிக்குள்ள போகவே தேவையில்ல. புவேப்லால காப்புன்னு சொல்ற பெரிய பஸ் ஸ்டாண்ட்ல எறங்குனீங்கன்னா வெளிய வர்றதுக்கு முன்னாடி உள்ளயே டாக்ஸி டிக்கெட் கவுன்டர் இருக்கும், அங்க காசு கட்டி டிக்கெட் வாங்கிட்டு டாக்ஸி ஏறுங்க, பேரம் பேசற வேலையே இல்ல.

ரூம் எடுக்கறப்போ ஒண்ணு கேக்கணும். இங்க சென்ட்ரோ ஹோட்டல் பலதும் இருநூறு முன்னூறு வருஷம் பழைய வீடுங்கதான், நடுவுல முற்றம், சுத்தி ரூம். தெருவ பாத்த ரூம்ல பால்கனி அழகா இருக்கும் ஆனா காலைல சர்ச் மணி, ராத்திரி தெருப் பாட்டு எல்லாம் கட்டில் பக்கத்துலயே நடக்கற மாதிரி கேக்கும். முற்றத்த பாத்த ரூம்னா அமைதி, வெளிச்சம் கம்மி. எக்ஸ்டீரியோர்னா தெருப் பக்கம், இன்டீரியோர்னா உள்பக்கம், அந்த ஒரு வார்த்தைய புக் பண்றப்பவே கேட்டுடுங்க. பெரியவங்க கூட வர்றாங்கன்னா லிஃப்ட் இருக்கான்னும் கேளுங்க, நிறைய பழைய வீட்டுல கிடையாது. ஊர் 2,100 மீட்டருக்கு மேல உயரத்துல இருக்கு, அதனால மொத நாள் படி ஏறுனா மூச்சு வாங்கும், மெதுவா நடங்க. குழாய்த் தண்ணி குடிக்காதீங்க, பாட்டில் தண்ணிதான்.

இப்போ முக்கியமான விஷயம், தெரு நம்பர். இத கத்துக்கிட்டா மேப் இல்லாமயே சென்ட்ரோ முழுக்க சுத்தலாம், கத்துக்கலன்னா ஒரே பேர்ல ரெண்டு தெரு இருக்கற மாதிரி குழம்பிடும். ஊர 1531ல புதுசா அளந்து சதுரம் சதுரமா போட்டாங்க, சோகலோவோட ஒரு மூலைல ரெண்டு மெயின் ரோடு குறுக்க வெட்டிக்கும். ஒண்ணு கிழக்கு மேற்கா போறது, மேற்குப் பக்கம் அதுக்கு ரெஃபோர்மான்னு பேரு, கிழக்குப் பக்கம் பலஃபோக்ஸ் இ மென்தோசா. இன்னொண்ணு வடக்கு தெற்கா போறது, வடக்க 5 தே மாயோ, தெக்க 16 தே செப்தியெம்ப்ரே. கிழக்கு மேற்கா ஓடற தெருவுக்கு ஓரியென்தே (கிழக்கு), போனியென்தே (மேற்கு), வடக்கு தெற்கா ஓடறதுக்கு நோர்தே (வடக்கு), சூர் (தெற்கு). நடு மூலைக்கு வடக்க இருக்கற தெரு எல்லாம் ரெட்டைப்படை, 2, 4, 6 ஓரியென்தே, தெக்க இருக்கறது ஒத்தைப்படை, 3, 5, 7. அதே மாதிரி கிழக்க 2, 4, 6 நோர்தே இல்ல சூர், மேற்க 3, 5, 7. நடு ரோடே ஒண்ணுன்னு கணக்கு, அதனால 1 நம்பர் தெருவத் தேடாதீங்க.

கதவு நம்பரும் இதே கணக்குதான். 6 ஓரியென்தே 206ன்னா 6 ஓரியென்தே தெருவுல 2 நோர்தேக்கும் 4 நோர்தேக்கும் நடுவுல. 2 சூர் 708ன்னா 2 சூர் தெருவுல 7 ஓரியென்தேவ தாண்டி அடுத்த பிளாக். மொத தடவ 6 ஓரியென்தேல ஒரு இடம் தேடி 6 போனியென்தேல அரை மணி நேரம் நடந்திருக்கேன், ஒரே தெரு, ஒரே நம்பர், ஆனா நடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். அட்ரஸ் எழுதிக்கறப்போ ஓரியென்தேவா போனியென்தேவான்னு சேத்து எழுதிக்கோங்க.

அப்புறம் கிழமை பாக்கணும். அரசாங்க மியூசியம் பெரும்பாலும் திங்கக்கிழமை மூடிடுவாங்க. அம்பாரோ மியூசியம் மட்டும் செவ்வாய்க்கிழமை லீவு, அதனால திங்கக்கிழமை ஊர்ல இருந்தீங்கன்னா அத அம்பாரோவுக்கு வெச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை கையில இருந்தா ரொம்ப நல்லது, பழைய சாமான் சந்தை அன்னைக்குத்தான் களைகட்டும்.

மொத நாள் சாயங்காலம் வேற எதுவும் வேண்டாம், சோகலோல உக்காருங்க. மூணு பக்கமும் வளைவு வளைவா தூண் வெச்ச நடை, அதுக்குக் கீழ காபி கடை, நாலாவது பக்கம் கதீட்ரல். 1575ல ஆரம்பிச்சு 1649ல பிஷப் ஹுவான் தே பலஃபோக்ஸ் திறந்து வெச்ச சர்ச், கோபுரம் ரெண்டும் கிட்டத்தட்ட 70 மீட்டர். சுத்தி இருக்கற இரும்பு வேலி மேல வரிசையா தேவதை சிலைங்க நிக்கும். இந்த ஊருக்கே தேவதைகளோட புவேப்லான்னுதான் பழைய பேரு. கோபுரத்துல இருக்கற பெரிய மணிய எப்படி மேல ஏத்தறதுன்னு தெரியாம ஆளுங்க தூங்கிட்டாங்களாம், ராத்திரில தேவதைங்களே வந்து ஏத்தி வெச்சிட்டுப் போச்சாம், ஊர்ல யாரைக் கேட்டாலும் இந்தக் கதைய சொல்லுவாங்க. கதீட்ரல் உள்ள போறது காலைல நல்லது, ராத்திரில வெளியில இருந்து விளக்கு வெளிச்சத்துல பாருங்க.

ரெண்டாவது நாள் காலைல சான்டோ டொமிங்கோ சர்ச். சோகலோல இருந்து 5 தே மாயோ தெருவுல வடக்க நடந்தா மூணு பிளாக், அந்தத் தெருவுல வண்டி கிடையாது. சர்ச் உள்ள போனதும் ஏமாந்துடாதீங்க, சாதாரணமா கொஞ்சம் இருட்டா இருக்கும், நேரா ஆல்டர் வரைக்கும் போய் இடது பக்கம் திரும்புங்க. அங்கதான் ரோசாரியோ சாப்பல். 1690ல திறந்தது, சுவர், கூரை, தூண், குவிமாடம்னு ஒரு விரக்கடை விடாம சுதைல கொடி, இலை, முகம், பழம்னு செதுக்கி அதுமேல தங்கத் தகடு ஒட்டியிருக்காங்க. மொத பார்வைல மஞ்சளா ஒரே பளபளப்பு, எங்க பாக்கறதுன்னே தெரியாது. அதனால நான் பண்ண மாதிரி பண்ணுங்க, ஒரு பெஞ்சுல உக்காந்து கீழ இருந்து ஆரம்பிங்க. அடில தலவேரான்ற பூசு ஓடு, அதுல நீலத்துல குட்டி தேவதை முகம் வரைஞ்சிருக்கும். அப்புறம் மேல கூரைல மூணு பெண் உருவம், விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கடைசியா திரும்பி, நீங்க உள்ள வந்த பக்கம் மேல பாருங்க, தேவதைங்க ஒரு இசைக் குழுவா நின்னு வாசிச்சிட்டு இருக்கும், ஒவ்வொண்ணு கையிலயும் ஒரு வாத்தியம். நேரா ஆல்டர மட்டும் பாத்துட்டு வெளிய வர்றவங்க அத கவனிக்காமயே போயிடுறாங்க. பூசை நடக்கறப்போ சுத்திப் பாக்கக் கூடாது, பின்னாடி நின்னு காத்திருங்க.

அங்கேருந்து 6 ஓரியென்தே தெரு பக்கம்தான். இத மிட்டாய் தெருன்னே கூப்பிடுவாங்க, வரிசையா கடை, சக்கரவள்ளிக் கிழங்கு மிட்டாய் கலர் பேப்பர்ல சுருட்டி வெச்சிருப்பாங்க, அத கமோத்தேன்னு சொல்லுவாங்க, அப்புறம் சான்டா க்ளாரா டோர்ட்டிடாஸ், பிஸ்கட் மாதிரி ஒரு வட்டம் நடுவுல பூசணி விதை பேஸ்ட். அங்க இருந்த கன்னியர் மடத்து சமையல்கட்டுல இருந்து வந்ததுதான் இந்தப் பேரு. இதே தெருல 206ம் நம்பர் வீட்ட தாண்டிப் போயிடாதீங்க. புரட்சிக்குத் தயாராயிட்டு இருந்த செர்தான் குடும்பத்தோட வீடு. 1910 நவம்பர் 20ம் தேதி நாடு முழுக்க புரட்சி ஆரம்பிக்கறதா இருந்துச்சு, ரெண்டு நாள் முன்னாடியே, 18ம் தேதி, போலீஸும் ராணுவமும் இந்த வீட்ட வளைச்சிட்டாங்க. அக்கிலெஸ் செர்தான், அவரோட சகோதரர், சகோதரி கார்மென், கூட இருந்த கொஞ்சம் பேர், உள்ள இருந்தே சண்டை போட்டாங்க, அக்கிலெஸ் உயிர் போச்சு. முன்பக்கச் சுவர்ல குண்டு பாஞ்ச ஓட்டை இன்னும் அப்படியே இருக்கு, தெருவுல நின்னே பாக்கலாம். பக்கத்துலயே மிட்டாய் விக்கற சத்தம். எனக்கு அந்தச் சுவர் முன்னாடி ரொம்ப நேரம் நிக்கத் தோணிச்சு.

அப்படியே கிழக்க நடந்தா 4 ஓரியென்தேல அல்ஃபெனிக்கே வீடு, வெள்ளை சுதை வேலைப்பாட்டப் பாத்து ஒரு சீனி மிட்டாயோட பேர வெச்சிட்டாங்க, உள்ள மியூசியம். அதத் தாண்டி எல் பரியான் கைவினை மார்க்கெட்டும், ஓவியருங்க உக்காந்து வரையற பார்ரியோ தெல் அர்திஸ்தாவும்.

தலவேரா வாங்கணும்னு நெனைக்கறவங்க இங்க கொஞ்சம் நிதானமா இருங்க. தலவேரான்னா இந்த ஊரோட பூசு ஓடு வேலை, ஸ்பெயின்ல இருந்து வந்த முறை, 2019ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. மார்க்கெட்ல பளிச்னு இருக்கற பாதி சாமான் தலவேரா இல்ல, அந்த டிசைன்ல பண்ண சாதாரண பீங்கான், அது விலை கம்மி, தெரிஞ்சே வாங்குனா தப்பே இல்ல. நிஜ தலவேரான்னு சொல்லி கூட விலை கேட்டா தட்ட கையில வாங்கித் திருப்பிப் பாருங்க. அடில பட்டறை பேரு, வரைஞ்சவங்க எழுத்து, ஊர் பேரு கையால எழுதியிருக்கணும். மேல நீலக் கோடு மேல நகத்த ஓட்டுனா லேசா மேடா தட்டுப்படும். வெள்ளை பால் மாதிரி கொஞ்சம் மங்கலா இருக்கும், சின்னச் சின்ன ஊசித் துளை இருக்கலாம், அது குறை இல்ல. ரெண்டு வகை மண்ணைக் கலந்து, காயவெச்சு, ஒரு தடவ சுட்டு, வெள்ளைப் பூச்சுல முக்கி, அது மேல வரைஞ்சு, திரும்ப ஒரு தடவ சுடணும், வரையறப்போ கை தவறுனா அழிக்க முடியாது. அதனாலதான் அந்த விலை. நேர்ல பாக்கணும்னா 4 போனியென்தே 911ல உரியார்த்தே பட்டறை இருக்கு, 1824ல இருந்து நடக்குது, உள்ள சுத்திக் காட்டுவாங்க. ஒரு அம்மா முடி மாதிரி மெல்லிசு ப்ரஷ் வெச்சு ஒரு கிண்ணத்தோட விளிம்புல கோடு இழுத்தத பாத்தேன், கிண்ணத்த சுத்திக்கிட்டே ஒரே மூச்சுல, ஆரம்பிச்ச எடத்துலயே வந்து முடிஞ்சுது. அதுக்கப்புறம் விலை பத்தி எனக்கு ஒரு கேள்வியும் இல்ல.

மதியம் வெயில்ல பலஃபோக்ஸியானா நூலகம் போங்க. கதீட்ரலுக்குத் தெக்க, 5 ஓரியென்தேல காசா தே லா குல்த்தூரான்ற கட்டடம், மாடில. பிஷப் பலஃபோக்ஸ் 1646ல தன்னோட 5,000 புத்தகத்தக் குடுத்து, படிக்கத் தெரிஞ்ச யார் வந்தாலும் திறந்து விடணும்னு சொல்லி ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல ஒரு பிஷப் அப்படி எழுதி வெச்சாருன்றதே எனக்கு பெரிய விஷயமா பட்டுது. இப்போ இருக்கற நீள ஹால் 1773ல கட்டுனது, 43 மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் செதுக்குன மர அலமாரி கூரைய தொடற அளவுக்கு மூணு அடுக்கு, 45,000 புத்தகத்துக்கு மேல. ஒவ்வொரு அலமாரி முன்னாடியும் கம்பி வலை. கால் வெச்ச உடனே பழைய மரமும் தோலும் சேந்த ஒரு வாசனை வரும், அப்படியே நின்னுடுவீங்க. சுழல் மேசை ஒண்ணு இருக்கும், தண்ணி இறைக்கற சக்கரம் மாதிரி, நாலஞ்சு பெரிய புத்தகத்த ஒரே நேரத்துல திறந்து வெச்சு சுத்திச் சுத்திப் படிக்க. அரை மணி நேரமாவது குடுங்க.

அடுத்தது நம்ம வாசகர்களுக்குன்னே சொல்றேன். சோகலோல இருந்து பலஃபோக்ஸ் ரோட்டுல கிழக்க ரெண்டு பிளாக் நடந்தா 4 சூர் மூலைல கொம்பான்யா சர்ச், ஜெசூட் (இயேசு சபை) ஆளுங்க கட்டுனது. இங்கதான் கத்தரீனா தே சான் ஹுவானைப் புதைச்சிருக்காங்க. இந்தியாவுல பொறந்த பொண்ணு. சின்ன வயசுல கடல் கொள்ளைக்காரங்க புடிச்சிட்டுப் போய், கொச்சி வழியா மணிலா, மணிலால அடிமையா வித்து, அங்கேருந்து பசிஃபிக் கடலைத் தாண்டற கப்பல்ல அக்காபுல்கோ, கடைசில இந்த ஊர்ல ஒரு வியாபாரி வீட்டுல அடிமை. அவங்க 1688ல இறந்தப்போ ஊரே அவங்களை ஒரு புனிதப் பெண்ணா நெனைச்சுது. அலோன்சோ ராமோஸ்ன்ற ஜெசூட் பாதிரியார் மூணு பாகமா வாழ்க்கை வரலாறு எழுதுனாரு, அத சர்ச்சோட விசாரணை மன்றம் தடை பண்ணிடுச்சு. அந்தக் கப்பல்ல வந்த ஆசியாக்காரங்க எல்லாரையும் சீனான்னுதான் கூப்பிட்டாங்க, அதனால இவங்க சீனா பொப்லானா, அதாவது புவேப்லாவோட சீனப் பொண்ணு. பூ வேலைப்பாடு ரவிக்கையும் ஜிகினா பாவாடையும் போட்ட அந்தப் பேர் கொண்ட மெக்ஸிகோ உடைய ஊர்ல எல்லா எடத்துலயும் பாப்பீங்க, ஆனா அந்த உடை 19ம் நூற்றாண்டு ஃபேஷன், கத்தரீனா போட்டதுக்கு ஆதாரம் இல்ல, ரெண்டு கதையும் பின்னாடி ஒண்ணா சேந்துடுச்சு. சர்ச்ல பெருசா போர்டு எல்லாம் எதிர்பாக்காதீங்க, சாக்ரிஸ்டி எங்கன்னு கேளுங்க, அதாவது பாதிரியாருங்க பூசைக்குத் தயாராகற ரூம். அவ்ளோ தூரத்துல நம்ம பக்கத்துக் கடல்ல இருந்து இழுத்துட்டு வந்த ஒரு பொண்ணோட பேர அந்தச் சுவர்ல பாக்கறப்போ தொண்டை அடைச்சுது எனக்கு.

நேரம் இருந்தா வடக்க 18 போனியென்தேல சான்டா மோனிக்கா மடம் போங்க. 19ம் நூற்றாண்டு சட்டத்துல மடத்த எல்லாம் மூடச் சொன்னாங்க, இங்க இருந்த கன்னியருங்க வெளிய தெரியாம மறைஞ்சே வாழ்ந்தாங்க, 1934ல தான் கண்டுபுடிச்சாங்க. அதுக்கப்புறம் மியூசியம் ஆச்சு. மறைவுக் கதவு, குறுகலான வழி எல்லாம் அப்படியே இருக்கு. சாயங்காலத்துக்கு 2 சூர் 708, அம்பாரோ மியூசியம். கீழ ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு முந்தைய காலத்துச் சிலைங்க, நல்ல தொகுப்பு, ஆனா கால் வலிச்சா நேரா மாடிக்குப் போயிடுங்க, கதீட்ரல் கோபுரமும் ஓடு போட்ட குவிமாடங்களும் கைக்கெட்டற தூரத்துல.

சாப்பாடு. மோலே பொப்லானோவ சாக்லேட் குழம்புன்னு நெனைச்சு போகாதீங்க, காஞ்ச மிளகாயே மூணு நாலு வகை, வறுத்த எள்ளு, பாதாம், மசாலா எல்லாம் அரைச்ச குழம்பு, சாக்லேட் கடைசில கொஞ்சம்தான். நம்ம நாக்குக்கு சட்டுனு புடிச்சிடும். சான்டா ரோசா மடத்துல 17ம் நூற்றாண்டுல பொறந்துச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க, அந்த மடத்துச் சமையல்கட்ட சுவர், கூரை எல்லாம் ஓடு பதிச்ச மாதிரி இன்னைக்கும் பாக்கலாம். ஆகஸ்ட், செப்டம்பர்ல போனா சீலே என் நொகாதா கிடைக்கும், பெரிய மிளகாய்க்குள்ள கறியும் பழமும், மேல வால்நட் வெள்ளை சாஸ், சிவப்பு மாதுளை முத்து, பச்சை இலை, மூணும் சேந்து நாட்டுக் கொடியோட நிறம். மத்த மாசத்துல செமித்தா சாப்பிடுங்க, எள்ளு தூவுன பன்னுக்குள்ள சீஸ், அவகாடோ, மிளகாய், பாப்பலோன்னு ஒரு வாசனைத் தழை.

சைவம் சாப்பிடறவங்க சின் கார்னே, அதாவது கறி வேண்டாம்னு சொன்னா மட்டும் போதாது. கறித்துண்டு போட மாட்டாங்க, அவ்ளோதான், மோலேல கோழி வேகவெச்ச தண்ணி இருக்கும், பீன்ஸ்ல பன்னிக் கொழுப்பு இருக்கும். காள்தோ தே போயோ (கோழித் தண்ணி) இருக்கா, மன்தேக்கா (பன்னிக் கொழுப்பு) இருக்கான்னு ரெண்டையும் கேளுங்க. பூசணிப்பூ கெசாதியா (உள்ள வெச்சு மடிச்ச ரொட்டி), இல்ல மக்காச்சோளத்துல வளர்ற கருப்புப் பூஞ்சை, ஹுயித்லகோச்சே, அது போட்ட கெசாதியா, ரெண்டும் மனசுக்கு நிறைவா இருக்கும், ஆனா எண்ணெயா மன்தேக்காவான்னு அங்கயும் கேட்டுக்கோங்க. ஹோட்டல்ல பில்லுக்கு மேல பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் டிப் வெக்கறது வழக்கம். சில்லறை பெசோ பையில வெச்சுக்கோங்க, பொது டாய்லெட்டுக்கும் தெருக் கடைக்கும் தேவைப்படும்.

ஞாயித்துக்கிழமை காலைல 6 சூர் பக்கம் கயேஹோன் தே லோஸ் சாபோஸ், தவளைச் சந்து. பழைய பூட்டு, சாமி படம், விளக்கு, நாற்காலி எல்லாம் தெருவுலயே பரப்பியிருப்பாங்க. அங்கயே லா பசித்தான்னு ஒரு சின்ன மதுக்கடை, உலர்ந்த திராட்சை மதுவ குட்டி கிளாஸ்ல ஒரு துண்டு சீஸோட குடுப்பாங்க, இனிப்பா இருக்குன்னு நாலஞ்சு குடிச்சிடாதீங்க.

மத்தியானம் சோலூலான்ற பக்கத்து ஊர். பத்து பன்னெண்டு கிலோமீட்டர்தான், ஊபர் எடுத்தா போயிடலாம். மலை மேல ஒரு மஞ்சள் சர்ச் தெரியும், அந்த மலை மலையே இல்ல, பிரமிடு. அடிப்பக்கம் ஒவ்வொண்ணும் 400 மீட்டருக்கு மேல, கன அளவுல உலகத்துலயே பெரிய பிரமிடு, மண்ணும் புல்லும் மூடி குன்று மாதிரி ஆயிடுச்சு, அது உச்சில ஸ்பானிஷ்காரங்க சர்ச் கட்டிட்டாங்க. அங்கேருந்து இன்னும் கொஞ்சம் தூரம் டொனான்ட்ஸின்ட்லா ஊர் சர்ச், உள்ளூர் பழங்குடி கைவினைஞருங்க செஞ்ச உள்வேலை, தேவதை முகம் எல்லாம் அவங்க ஆளுங்க முகம். உள்ள போட்டோ எடுக்க விட மாட்டாங்க. ரோசாரியோ சாப்பல பாத்துட்டு இதப் பாக்கணும், அந்த வரிசைய மாத்தாதீங்க.

கெளம்பற அன்னைக்கு காலைல ஏழு மணிக்கு ஹோட்டல் மொட்டை மாடிக்கு விடுவாங்களான்னு கேட்டுப் போங்க. மேற்க போபோகாதெபெத்ல் எரிமலை நிக்கும், 5,400 மீட்டர், 1994ல இருந்து திரும்ப உயிரோட இருக்கு, மேல ஒரு புகைக்கீத்து. பத்து பதினோரு மணிக்கு மேகம் மூடிடும். மெக்ஸிகோ சிட்டிக்குத் திரும்பற பஸ்ல இடது பக்கம் ஜன்னல் சீட் கேளுங்க, எரிமலை அந்தப் பக்கம்தான் வரும்.